முத்திரையின் பொருள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



ஆண்டு விழா மேடையிலே சமயம் பற்றியும் ஒழுக்கம் பற்றியும் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு மின்சாரச் சாமான்களின் முத்திரை பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் சிலர் முகத்திலே புன்னகை அரும்பியதைக் கண்டோம். கேட்டு முடித்தபின், இதுவும் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சே என ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகின்றோம். விஞ்ஞான ஆசிரியராக இருந்து பின் துறவு பூண்ட விபுலானந்த அடிகளாரின் சமாதி அமைந்த மண் நமது கல்லடி. இங்கே விஞ்ஞானமும் சமயமும் ஒரே திண்ணையில் அமர்வது புதுமையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஆலயத் திருவிழாவுக்கு மின் அலங்காரம் செய்யும் பொறுப்பை நம் சங்கத்துப் பிள்ளைகள் ஏற்றிருந்தனர். இரும்புச் சட்டத்தில் விளக்குகள் பொருத்திய வளைவொன்றை வாசலில் நிறுத்தினோம். மாலையில் இலேசான தூறல். வெறுங்காலோடு நின்ற தம்பி ஒருவன் சட்டத்தைத் தொட்டான். தொட்ட கையை எடுக்க முடியாமல் நின்றான். அருகில் நின்றவர் அவனைப் பிடிக்க ஓடாமல் பிரதான சுவிட்சை நோக்கி ஓடினாரே, அதனாற்றான் இன்று அவன் நம்மிடையே இருக்கின்றான்.

மறுநாள் அந்த விளக்குத் தொகுதியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். வெளியே மூன்று கால்கள் இருந்தன. உள்ளே வந்ததோ இரண்டே வயர்கள். ஏர்த் எனப்படும் நிலத்தொடுப்புக் கால் வெறும் அலங்காரம். ஆனால் பெட்டியின் மேல் சி.ஈ. என்னும் முத்திரை பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. "வெளிநாட்டுச் சாமான், முத்திரை இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் வாங்கினோம். அன்று முதல், முத்திரை என்றால் என்ன என்ற கேள்வி நம்மை விடவில்லை.

மின்சாரம் வந்த நாளிலேயே இக்கேள்வியும் உலகத்தில் பிறந்துவிட்டது. 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பெரும் கண்காட்சி நடைபெற்றது. சுவாமி விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபையும் அக்கண்காட்சியை ஒட்டிக் கூடியதே. அங்கே எரிந்த எண்ணற்ற மின்விளக்குகளால் தீ விபத்து நேருமோ என அஞ்சித் தீக்காப்புறுதிக் கம்பனிகள் வில்லியம் மெரில் என்ற இளம் பொறியியலாளரை அனுப்பின. அவரே 1894இல் யூ.எல். எனப்படும் சோதனைக்கூடத்தைத் தொடங்கினார். 1906இல் இலண்டனில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு அமைந்தது. நம் நாட்டிலே 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைக் கட்டளைகள் பணியகம் நிறுவப்பட்டு, 1984இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் ஆயிற்று. எஸ்.எல்.எஸ். முத்திரை அதனுடையது.

இனி, முத்திரைகள் எல்லாம் ஒரே பொருள் தருவனவோ எனின், அல்ல. இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர். சி.ஈ. குறி ஐரோப்பிய ஒன்றியத்துக்குரியது. சாதாரண வீட்டு மின்பொருளைப் பொறுத்தவரை, சட்டம் கோரும் பாதுகாப்பு விதிகளுக்கு இப்பொருள் அமைந்தது என்று செய்தவரே தம் பொறுப்பில் கூறும் உறுதிமொழி அது. சோதனை அறிக்கைகளைக் கையில் வைத்திருத்தல் அவர் கடன். கேட்டபோது காட்டாவிடில் தண்டனை உண்டு. நெருக்கமாக அச்சிட்ட சி.ஈ. என்றால் சீன ஏற்றுமதி என்று பொருள் எனச் சிலர் சொல்லுவர். அப்படி ஒரு முத்திரை இல்லை. அது அளவு பிழைத்து அச்சிட்ட அதே குறிதான், அல்லது போலி.

யூ.எல்., கனடாவின் சி.எஸ்.ஏ. போன்றவை வேறு வகை. செய்தவருக்குப் புறம்பான ஒருவர் சோதித்துத் தரும் சான்று அது. முத்திரை கொடுத்தபின்னும் தொழிற்சாலைக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்ப்பார்கள். கனடாவிலே மாகாணச் சட்டங்களின்படி, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனமொன்றின் குறி இல்லாத மின்பொருளை விற்றல் ஆகாது. யப்பானுக்குப் பி.எஸ்.ஈ., சீனாவுக்குச் சி.சி.சி., இந்தியாவுக்கு ஐ.எஸ்.ஐ. எனக் குறிகள் பல. பிரித்தானியா 2021 முதல் யூ.கே.சி.ஏ. என்ற தன் குறியை வைத்துக்கொண்டது, எனினும் சி.ஈ. குறியையும் தொடர்ந்து ஏற்பதாக 2023இல் அறிவித்தது.

நம் இளைஞர் ஒருவர் உழுந்து அரைக்கும் கிரைண்டர் செய்து ரொறன்ரோவிலுள்ள நம் உறவினருக்கு விற்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே 230 வோற்று, செக்கனுக்கு 50 சுற்று. அங்கே 120 வோற்று, 60 சுற்று. இங்குள்ள மோட்டாரை அப்படியே அங்கு கொடுத்தால் அதன் முறுக்குவலு ஏறத்தாழ நாலிலொன்றாகக் குறையும். கல் சுழலாது, மோட்டார் முனகிச் சூடேறும். ஆகவே மோட்டாரை அந்நாட்டுக்கென்றே அமைத்தல் வேண்டும்.

அதன்பின் சோதனை. மனித விரல் போன்று செய்த உலோக விரலொன்றை ஒவ்வொரு துவாரத்திலும் நுழைத்து, மின்னுள்ள பகுதியைத் தொடுகின்றதா எனப் பார்ப்பர். காவலிமீது ஆயிரம் வோற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை ஒரு நிமிடம் ஏற்றுவர். வயரை 25 முறை இழுத்து, கழன்று வருகின்றதா என ஆராய்வர். செந்தணலாய்ச் சூடேறிய கம்பியைப் பிளாஸ்திக்கில் அழுத்தி, தீ பரவுகின்றதா என நோக்குவர். நிலத்தொடுப்பின் தடையை அளப்பர். எண்ணிப் பாருங்கள்: அத்தனையும் நம் அடுக்களையில் ஈரக்கையோடு நிற்கும் தாய்க்கு நேரக்கூடியவையே. அவளுக்கு நேருமுன் இயந்திரத்துக்கு நேரச் செய்து பார்ப்பதே சோதனை. ஒரு நாட்டில் பெற்ற சோதனை அறிக்கையைப் பல நாடுகள் ஏற்கும் சர்வதேச ஏற்பாடும் உண்டு. அதனை அறியாது ஒவ்வொரு நாட்டிலும் முதலிலிருந்து தொடங்குவோர் பணத்தை இழப்பர்.

வெளியே செல்லும் பொருளுக்கு இவ்வளவு காவல் எனின், உள்ளே வரும் பொருளுக்கு யார் காவல்? நம் பகுதியிலிருந்து சவூதி சென்று வீட்டுப் பணிபுரிந்து திரும்பும் சகோதரிமார், உழைத்த பணத்தில் அயன், மிக்சி என வாங்கி வருகின்றனர். அந்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் 127 வோற்றே வழங்கிற்று. 2010இல்தான் படிப்படியாக 230 வோற்றுக்கு மாற அரசு முடிவு செய்தது. 127 வோற்று அயனை இங்கே செருகினால் அது இழுக்கும் வலு மூன்று மடங்குக்கும் மேலாகும். சில கணத்தில் புகை, கவனியாவிட்டால் தீ. எத்தனை மாத உழைப்பு அந்தப் புகையிலே போகின்றது! பொருளின் அடித்தட்டில் எழுதியிருக்கும் வோற்றளவை வாசிக்க ஒரு நிமிடம் போதும்.

பிளக்கின் கதையும் இதுவே. வட்டக்கால், தட்டைக்கால் எனப் பலவகை கலந்து கிடந்தமையால், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் முயற்சியால் சதுரக்கால் 13 அம்பியர் பிளக்கே நாட்டின் ஒரே நியமமாயிற்று. அதற்கான ஒழுங்குவிதிகள் 2016இல் வந்தன. அந்தப் பிளக்கினுள்ளே பியூஸ் உண்டு. பியூசுக்குப் பதிலாகக் கம்பித் துண்டு வைப்பவர், வீட்டுக்குப் பூட்டை வைத்துச் சாவியையும் அதில் தொங்கவிட்டவர் ஆவார்.

ஆதலின் இளைஞர்களே, மூன்றினை வேண்டுகின்றோம். வாங்குமுன் வோற்றளவையும் முத்திரையையும் வாசியுங்கள். உலோக உடலுள்ள பொருளில் ஏர்த் வயர் இருக்கின்றதா எனப் பாருங்கள். இரண்டு வயர் மட்டும் இருப்பின், ஒன்றினுள் ஒன்றாக இரு சதுரம் வரைந்த இரட்டைக் காவல் அடையாளம் இருத்தல் வேண்டும். வீட்டிலும் ஆலயத்திலும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் அலங்காரம் செய்யாதீர்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெளிநாடு சென்று மின்தொழில் செய்வோர், அந்நாட்டு விதியைக் கற்ற பின்பே கருவியைக் கையில் எடுங்கள்.

திருநீற்றைப் பூசியவரெல்லாம் அடியார் ஆகிவிடுவதில்லை. பூசிய நீற்றுக்கேற்ற ஒழுக்கம் உள்ளே இருத்தல் வேண்டும். பெட்டியின் மேலுள்ள முத்திரையும் அத்தகையதே. உள்ளே உண்மை இல்லாத முத்திரை ஒருவனைக் கொல்லவும் கூடும் என்பதை அன்று ஆலய வாசலில் கண்டோம். நாளை நீங்கள் ஒரு பொருளைச் செய்து உலகுக்கு அனுப்பும்போது, அதன்மேல் இடும் குறி உங்கள் சொல்லாகட்டும். அந்தச் சொல் பொய்யாதிருக்க எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.