எண்ணைச் சொன்னாங்க, கணக்கைச் சொல்லல

(மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவள். காலையிலிருந்து உடல் அரசியல் பற்றி நிறையப் பேசினீர்கள். நான் ஒரே ஒரு தாளைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

2021ல் எங்க அண்ணிக்கு மூணாவது மாசம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எதுக்குன்னு சொல்லல. ‘எல்லாருக்கும் எடுக்கிறதுதான்’ என்றார்களாம். நாலு நாள் கழித்து ஒரு தாள். அதில் தடித்த எழுத்தில் 1:140. ‘மூளை வளர்ச்சி இல்லாமப் பொறக்கும், கலைச்சிடுங்க’ என்று நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அண்ணி என்னிடம் கேட்டது: ‘பாப்பா, நீ ரத்தம் பாக்கிறவதானே, என் ரத்தத்துல என்ன கெட்டுப்போச்சு?’

ரத்தத்தை வைத்தே நம்மை ஒதுக்கிய ஊர் இது. அண்ணி வேற எப்படிக் கேப்பாங்க?

அந்தச் சோதனைக்கு டபுள் மார்க்கர் என்று பேர். 11லிருந்து 13 வாரம் முடிவதற்குள் எடுப்பது. தாயின் ரத்தத்தில் பேப்-ஏ என்ற புரதமும் எச்.சி.ஜி. ஹார்மோனின் ஒரு பகுதியும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 21வது குரோமோசோம் ரெண்டுக்குப் பதில் மூணு இருந்தால் அது டவுன் சிண்ட்ரோம். அப்படிப்பட்ட கர்ப்பங்களில் பொதுவாக முதலாவது குறைந்தும் இரண்டாவது கூடியும் இருக்கும். ஆனால் குழந்தையின் குரோமோசோமை இங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது வாய்ப்புக் கணக்கு மட்டும்தான். 1:140 என்றால் இப்படி எண் வந்த 140 பேரில் 139 பேருக்கு அது இருக்காது. பல இடங்களில் 1:250க்கு மேல் வாய்ப்பு வந்தாலே ‘அதிக ஆபத்து’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். அது தீர்ப்பு இல்லை, அடுத்த சோதனைக்கான சீட்டு.

இன்னொரு விஷயம். இயந்திரம் ரத்தத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதில்லை. தாயின் வயசு, எடை, எத்தனையாவது வாரம், எல்லாம் உள்ளே போகிறது. இருபது வயதுக்காரிக்கு இது வரும் வாய்ப்பு சுமார் 1500ல் ஒன்று, 35 வயதில் சுமார் 350ல் ஒன்று. அப்படியானால் வயசு தப்பாப் போனா?

அண்ணியின் தாளை வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி 1.1.1983. அண்ணி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆதார் எடுக்கும்போது உத்தேசமாகப் போட்டது. நம்ம சேரிகளில் பாருங்கள், பாதிப்பேருக்கு ஜனவரி ஒண்ணுதான் பிறந்தநாள்! அவுங்க அம்மாவைக் கேட்டால், ‘எம்.ஜி.ஆர். செத்த மாசம் பொறந்தவ’ என்றார். அப்படியென்றால் 1987 டிசம்பர். அஞ்சு வயசு கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எடையும் பார்க்காமலே எழுதியது. ஆய்வகத்தில் சண்டை போட்டுத் திருத்தித் திரும்பக் கணக்குப் போடவைத்தேன். 1:460 வந்தது. அதே ரத்தம்தான். பொண்ணு பொறந்தா, இப்ப அங்கன்வாடி போகிறாள்.

நான் ஆய்வகத்துக்காரியா இல்லாம இருந்திருந்தா?

இதைச் சொன்னதும் ஒரு தோழர் கேட்டார், எண் குறையாமல் இருந்திருந்தால் கலைக்கச் சொல்லியிருப்பீர்களா என்று. நியாயமான கேள்வி. உறுதியாகத் தெரிய பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் சின்ன அளவில் கரு கலையும் ஆபத்து உண்டு. அதனால்தான் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பின்விளைவுகளை விளக்க வேண்டும், அவளுக்குப் புரிகிற மொழியில் எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும், அதன் நகலை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த நகலை நம்ம பெண்கள் யார் கையிலும் நான் பார்த்ததில்லை. தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் புதிய சோதனையும் இருக்கிறது, இன்னும் துல்லியம். ஆனால் அதற்குச் செலவு அதிகம். துல்லியமும் காசு உள்ளவனுக்குத்தான்.

முடிவு அவளுடையது. பெத்துக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்றாலும். வேண்டாம் என்கிறவளைக் குற்றம் சொல்ல நான் யார்? கூலிக்குப் போகிறவள் அந்தப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள்? ஆனால் எங்க தெருவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் ஒருவன், இருபது வயசு. பறையடிக்கும் இடத்தில் முதலில் வந்து நிற்பவன் அவன்தான். ‘மூளை வளர்ச்சி இல்லாம’ என்று சொன்ன டாக்டர் அவனோடு அஞ்சு நிமிஷம் பேசியிருப்பாரா, தெரியல.

1866ல் லாங்டன் டவுன் என்ற இங்கிலாந்து மருத்துவர் இவர்களை ‘மங்கோலியர்’ வகை என்று எழுதினார். மூளை குறைந்தவர்கள் என்று தான் கருதியவர்களை இனவாரியாகப் பிரித்த கட்டுரை அது. உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட 1965 ஆனது, அதுவும் மங்கோலியா நாடு ஆட்சேபித்த பிறகு. சாதிப் பேரையே வசவாக்கி வைத்திருக்கிற ஊரில் வாழ்கிற நமக்கு இது புரியாததில்லை.

ரத்தம் எடுக்கும் முன் என்னென்ன கேட்கணும், வயசு எடை எப்படிச் சரிபார்க்கணும் என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அறுபது பிரதிதான் இருக்கு. பின்னால மேசையில வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க. புரியாத வரி இருந்தா அடிச்சுத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்புங்க.