மார்ச் வரைக்கும் பொறுத்துக்கணுமா?

இன்னிக்கு எபிசோடு நம்ம ஊர்லேர்ந்து வந்த ஒரு வாய்ஸ் நோட்டைப் பத்தி. அனுப்பினது ஓசூர்ல இருக்கிற ஒரு அம்மா. அவங்க சம்மதத்தோட, அடையாளம் தெரியாத மாதிரி சொல்றேன். வீட்ல ரெண்டு பேருமே சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. பையன் ஸ்டேட் போர்டு பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். வீட்ல பேசுறது தெலுங்கு. அவன் தமிழைக் கிண்டல் பண்றதுல ஆரம்பிச்சது, ஸ்கூல் வேன்ல தலையில தட்டுறது, அவன் போட்டோவை ஸ்டிக்கராக்கி வாட்ஸ்அப் குரூப்ல விடுறதுன்னு வளர்ந்திருக்கு. காலாண்டுல மார்க் இறங்கின பிறகுதான் வீட்டுக்கே தெரிஞ்சிருக்கு.

அவங்க கேட்டது இதுதான்: "தம்பி, மார்ச் வரைக்கும் பொறுத்துக்கோடான்னு சொல்லவா, இல்ல இப்பவே டி.சி. வாங்கி அத்திப்பள்ளி பக்கம் சேத்துடவா?"

நம்ம லிசனர்ஸ்ல பாதிப் பேர் ஐடி. ரிலீஸ் நெருங்கினா கோட் ஃப்ரீஸ் போடுவோம், எதையும் தொட மாட்டோம். ஆனா புரொடக்‌ஷன்ல பேமென்ட் விழுந்துடுச்சுன்னா, "ஃப்ரீஸ்ல இருக்கோம்"னு யாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார மாட்டோம். "பரீட்சை வருது, இப்போ எதுவும் வேண்டாம்"னு வீடும் ஸ்கூலும் சேர்ந்து சொல்றப்போ, அந்தப் பையன் தினமும் விழுந்துகிட்டிருக்கான்றது கணக்குல வர்றதே இல்லை.

இதுல ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு. ஒண்ணு, தினமும் எங்கே, யாரோட உட்கார்றான். இன்னொண்ணு, எந்த ஸ்கூல் பேர்ல பரீட்சை எழுதறான். ரெண்டையும் பிரிச்சாத்தான் வழி தெரியும்.

முதல்ல ரெண்டாவது கேள்வி. அத்திப்பள்ளி பத்து நிமிஷ தூரம்தான், ஆனா அது கர்நாடகா. அங்கே பன்னிரண்டாவதுன்னா செகண்ட் பி.யு. புத்தகம் வேற, போர்டு வேற, மொழிப்பாடம் வேற. அக்டோபர்ல போய் மார்ச்ல எழுதறதுன்றது நடக்கிற காரியம் இல்லை. சிபிஎஸ்இ-யும் பன்னிரண்டாவதுல நேரடியா சேர்க்காது. பெற்றோருக்கு வேலை மாற்றல் மாதிரி காரணம் இருந்து, போர்டும் அனுமதிச்சாத்தான் உண்டு. அப்போ மாறினா இன்னொரு ஸ்டேட் போர்டு ஸ்கூல்தான். அதுவும் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல், அதாவது நாமினல் ரோல், போறதுக்கு முன்னாடி. இந்த வருஷம் அது எப்போன்னு ஸ்கூல் ஆபீஸ்ல இன்னிக்கே கேளுங்க. உங்க முடிவுக்கான கடைசி நாள் அதுதான். மார்ச் இல்லை.

டி.சி.க்கு ஃபீஸ் பாக்கியைக் காட்டி இழுத்தடிச்சா ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. டி.சி. கட்டணம் வசூலிக்கிற கருவி இல்லைன்னு 2024 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு.

நிறைய வீடுகள் வாயே திறக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு. செய்முறைத் தேர்வு உள்ள பாடத்துல எழுத்துத் தேர்வு 70 மார்க்தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10. "புகார் கொடுத்தா அந்த 30-ல கை வெச்சுடுவாங்களோ"ன்னு பயம். அந்தப் பயத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். அதனாலதான் புகார் வாய்மொழியா போகக் கூடாது. தேதி போட்டு, ஸ்க்ரீன்ஷாட் சேர்த்து, தலைமையாசிரியருக்கு எழுத்துல கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து கேளுங்க. பின்னாடி மார்க்ல ஏதாவது நடந்தா, அந்தத் தாள்தான் பேசும்.

ஆனா புகார்லயும் ஆபத்து இருக்கு. இதை நாங்குநேரியைப் பேசாம சொல்ல முடியாது. நம்ம ஊருக்கு எதிர்க்கோடி, திருநெல்வேலி மாவட்டம். 17 வயசுப் பையன், பிளஸ் டூ, பட்டியல் சாதிக் குடும்பம். கூடப் படிச்ச ஆதிக்க சாதிப் பசங்களோட தொல்லை தாங்காம ஸ்கூலுக்குப் போறதையே நிறுத்திட்டான். ஏன் வரலைன்னு ஸ்கூல்ல கேட்டப்போ உண்மையைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி, வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அந்தப் பையன், தான் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுத, 2024-ல பரீட்சையை முடிச்சான். 600-க்கு 469.

அந்த 469-ஐ எல்லாரும் ஷேர் பண்ணினோம். எனக்கு அதுக்கு முந்தின நாட்கள்தான் மனசுல நிக்குது. ஒரு பிளஸ் டூ பையன் திடீர்னு ஸ்கூலுக்கு வரலைன்றதே ஒரு புகார்தான். அவன் வாய் திறந்த பிறகு, அன்னிக்கு ராத்திரி அவன் எங்கே இருப்பான், கூட யார் இருப்பாங்கன்னு யாரும் யோசிக்கலை. அதுக்கப்புறம் அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தது. கையில கட்டுற சாதிக் கயிறைத் தடுக்கணும், பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் வேணும்னு அதுல பரிந்துரை இருக்கு. நம்ம பக்கம் சாதி இல்லைன்னு சொல்லலை. இங்கே அதுகூட மொழியும், எங்கேர்ந்து பிழைக்க வந்தவங்கன்றதும் சேர்ந்துக்குது.

அதனால அந்த அம்மாவுக்கு என் பதில்: அக்கா, வேனை நாளைக்கே நிறுத்துங்க. யார் கொண்டுபோய் விடுறதுன்றதுதான் நிஜச் சிக்கல்னு தெரியும், ரெண்டு பேரும் ஷிஃப்ட்ல இருக்கீங்க. ஒரு மாசத்துக்கு ஒருத்தர் ஷிஃப்ட் மாத்திக் கேளுங்க. முடியலைன்னா நம்பிக்கையான ஒரு ஃப்ரெண்டோட டவுன் பஸ். அது ஏற்பாடான பிறகு புகாரைக் கொடுங்க. செக்‌ஷன் மாத்தணும், அந்த குரூப்பைக் கலைக்கணும், அந்தப் பசங்களோட பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசணும்னு தெளிவா எழுதுங்க. ரெண்டு வாரம் டைம் கொடுங்க. ஒண்ணும் அசையலைன்னா, பெயர்ப்பட்டியல் போறதுக்குள்ள மாத்துங்க. பட்டியல் போயிடுச்சுன்னா பேர் அங்கேயே இருக்கட்டும். ரெகுலர் கிளாஸ்லேர்ந்து விலக்குக் கேட்டு, செய்முறைக்கும் ரிவிஷன் டெஸ்ட்டுக்கும் மட்டும் போக முடியுமான்னு பேசுங்க. வெட்டுவேன், அடிப்பேன்னு மிரட்டல் வந்தா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்னிக்கே வீட்ல நிறுத்திட்டு போலீஸுக்குப் போங்க. ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை.

இன்னொண்ணு. இந்த வாய்ஸ் நோட்ல அம்மா என்ன நினைக்கிறாங்க, அப்பா என்ன சொல்றார்னு எல்லாம் இருக்கு. பையன் என்ன சொல்றான்னு இல்லை. அவன் அங்கேயே இருந்து எழுதணும்னு நினைக்கலாம். அவன் எதுக்கு ஓடணும்? டி.சி. வாங்குறது எப்பவும் அடி வாங்கினவனாவே இருக்கிறது நியாயமும் இல்லை. ஆனா போயிடணும்னு அவன் சொன்னா, அதைக் கோழைத்தனம்னு யாரும் சொல்லிடாதீங்க.

குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளிக் கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417. பசங்க நேரடியாவே கூப்பிடலாம். இதே மாதிரி ஒரு பிளஸ் டூ பையனோ பொண்ணோ உங்க வீட்ல இருந்தா, இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது மார்க்கைப் பத்திக் கேட்காம, வேன்ல யார் பக்கத்துல உட்கார்றேன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.