வேலியும் விதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களுள் நுழைவோரின் கண்ணில் வீட்டுக்கு முன்னரே வேலி படும். தெல்லிப்பழையின் ஒழுங்கைகளும் அவ்வாறே அமைந்தவை. இருபுறமும் நெடுக வேலி, இடையிடையே படலை, படலைக்கு அப்பால் முற்றம், அதன் பின்னரே வீடு. வளவு சிறிதாயினும் பெரிதாயினும் அது அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் உறுதியான எண்ணம். அவ்வேலி எப்பொருளால் அமையவேண்டும், எவ்விடத்தில் நிற்கவேண்டும், அதனை யார் தீர்மானிப்பது என்னும் கேள்விகள் முதற் பார்வைக்குச் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் அண்மைக் காலத்தில் இவ்வூரார் அடைந்த அனுபவம், அவை குடும்பங்களின் உடைமையையே தொடும் கேள்விகள் எனக் காட்டியிருக்கிறது.

பழைய வேலியின் அமைப்பை முதலில் நோக்குவோம். அதன் முதுகெலும்பு கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை முதலிய மரங்களின் தடிகளை வெட்டி, மாரி தொடங்குங்காலத்தில் எல்லை நெடுக நடுவர். மழை ஈரத்தில் அவை வேர்விட்டுத் தளிர்க்கும். இவ்வாறு உயிருள்ள மரங்களே வேலித் தூண்களாகின்றன. அவற்றிற்குக் குறுக்கே வரிச்சுக் கட்டி, அதன்மேல் கிடுகையோ பனையோலையையோ வைத்து அடைப்பர். சில வளவுகளில் பனைமட்டைகளை நெருக்கமாக நிறுத்திக் கட்டுவதும் உண்டு. ஓலை வெயிலிலும் மழையிலும் உக்கிப்போவதால் வேலியைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். இதனை வேலி அடைத்தல் என்பர்.

வேலி அடைக்கும் வேலை ஒருவரால் மட்டும் முடிவதன்று. கயிறு கோத்த குத்தூசியை இப்புறத்தில் நிற்பவர் ஓலையினூடே செலுத்துவார். அப்புறத்தில் நிற்பவர் அதனை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்துவார். எனவே வேலி அடைக்கப்படும்போது ஒருவர் அயலவருடைய வளவினுள் நின்றே ஆகவேண்டும். அயலவர் அறியாமல், அவர் இணங்காமல், ஒழுங்கான வேலி அடைப்பது அரிது. அன்றைய தினம் கதியால்கள் நேராக நிற்கின்றனவா, பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாக நடப்படும் புதுக்கதியால் பழைய குழியிலேயே இறங்குகிறதா என்பதை இருவீட்டாரும் தம் கண்ணாலேயே காண்பர். எல்லை எது என்பது எழுத்தில் இல்லாமலே இவ்வாறு மீண்டும் மீண்டும் உறுதிசெய்யப்பட்டு வந்தது.

இவ்வேலியால் வேறு பயன்களும் உண்டு. பூவரசு முதலியவற்றின் கிளைகளை வெட்டி, குழையைத் தோட்டத்து மண்ணில் தாழ்ப்பர். செம்மண்ணில் புகையிலையும் மரக்கறியும் விளைவிக்கும் இப்பகுதியில் குழை தாழ்த்தல் பசளையிடும் முறைகளுள் ஒன்றாக இருந்துவந்தது. முருக்கிலையும் கிளுவையிலையும் ஆட்டுக்குத் தீனியாகும். உக்கிய ஓலையும் மண்ணுக்கே செல்லும். ஆகவே வேலியில் வீணாவது சிறிதே. வேலியில் விழும் பொட்டு வழியே கோழியும் நாயும் அப்புறம் செல்வதுபோல, ஒருவீட்டுக் கறி மறுவீட்டுக்குச் செல்வதும் உண்டு.

எனினும் வேலியைப் பற்றிப் பெருமை பேசுவோர் வேலிச் சண்டையை மறைத்தல் கூடாது. கதியால் பருக்கும், சாயும், பட்டுப்போகும். புதுக்கதியாலைச் சற்றே அப்பால் நட்டால் எல்லையும் அப்பால் நகர்ந்துவிடும். நூறடி நீளமான வேலி ஓரடி நகர்ந்தால் நூறு சதுர அடி நிலம் கைமாறுகிறது. யாழ்ப்பாணத்து அளவில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறக்குறைய 2,722 சதுர அடி. ஆதலால் அந்த ஓரடி, பரப்பில் இருபத்தேழில் ஒரு பங்காகும். நான்கைந்து பரப்பே முழுச் சொத்தாக உள்ள குடும்பத்துக்கு இது அற்பமான இழப்பன்று. மேலும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் நிலத்தை அவருடைய உரிமைக்கு மாறாகப் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கோரலாம். நகர்ந்த வேலியைப் பார்த்தும் பேசாதிருப்பவர் காலப்போக்கில் தம் நிலத்தையே இழக்க நேரிடும். அண்ணன் தம்பியர் பல ஆண்டுகள் பேசாதிருப்பதற்கும், நீதிமன்றப் படிகளை ஓயாது மிதிப்பதற்கும் இதுவே பெருங்காரணமாயிற்று.

எல்லையின் அருமையை இந்நாட்டு வழமைச் சட்டமும் உணர்ந்திருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட அத்தொகுப்பே தேசவழமை. ஆங்கிலேயர் அதனை 1806 ஆம் ஆண்டில் சட்டமாக ஏற்றனர். ஒருவர் பாடுபட்டு நட்ட மரம் சாய்ந்து வளர்ந்து அயற்காணியின்மேல் நின்றாலும் அதன் பலன் நட்டவருக்கே உரியது என்பது அதிற் காணப்படும் விதிகளுள் ஒன்று. வேலியின் இருபுறத்தாரும் நாள்தோறும் சந்திக்கும் சிறு பிணக்குகளுக்குச் சட்டம் விடைகூற முயன்றமைக்கு இது சான்று.

வேலிப் பொருளையே நேராகக் கட்டுப்படுத்திய சட்டத்தைக் காணப் பாக்கு நீரிணைக்கு அப்பால் செல்லவேண்டும். சென்னை மாகாணத்தின் 1920 ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டம், துணி, புல், ஓலை, பாய் முதலிய எளிதிற் தீப்பற்றும் பொருள்களால் கூரையோ சுவரோ வேலியோ அமைப்பதற்கு அனுமதி வேண்டும் என விதித்தது. வீடுகள் நெருங்கி நிற்கும் நகரத்தில் ஒரு பொறி தெருவையே எரித்துவிடும் என்ற அச்சமே அதன் காரணம். அது நியாயமான அச்சம். ஆனால் நகரத்துக்கு ஏற்ற விதி, வளவுகள் அகன்று கிடக்கும் தோட்டக் கிராமத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

தெல்லிப்பழையில் ஓலை வேலியைப் பின்னுக்குத் தள்ளியது சட்டத்தைவிடச் சீமெந்தே எனலாம். 1950 ஆம் ஆண்டில், அண்டையிலுள்ள காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. இம்மண்ணின் கீழுள்ள சுண்ணக்கல்லே அதன் மூலப்பொருள். அந்தத் தொழிற்சாலை 1990 ஆம் ஆண்டிற் போரால் நின்றுபோனது. ஆனால் அது பழக்கிய மதில் நின்றுபோகவில்லை. ஓலையும் அரிதாகி, வேலி அடைப்போரும் குறைந்து, கூலியும் உயர்ந்தபோது, ஒருமுறை கட்டினால் ஆயுளுக்கும் போதும் என்று பலர் மதிலை விரும்பினர். வசதி குறைந்தோர் தகரத்தையும் முட்கம்பியையும் நாடினர்.

இன்று இவ்வூர் வலிகாமம் வடக்குப் பிரதேச சபையின் ஆட்சி எல்லைக்குள் அமைந்துள்ளது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபையின் வீதிகளைக் காக்கும் பொறுப்பைச் சபையிடம் ஒப்படைத்துள்ளது. மதில் வீதியை நெருக்கக்கூடாது, வேலிக் கிளைகள் போவார் வருவாரை மறிக்கக்கூடாது என்பன போன்ற கவலைகள் அப்பொறுப்பினின்றும் எழுவன. இவை பொதுநலம் கருதியவை. ஆயினும் வீதிப்புறத்து வேலியைவிட, இரு வளவுகளுக்கு இடையிலான வேலியே மிகுந்த துன்பத்துக்கு இடமாகிறது. அதன் முழு ஆழத்தையும் போர்க்காலம் காட்டிற்று.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் அவ்விடங்களிற் பல உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின் திரும்பியோர் பலர் கண்டது பற்றைக்காடு. வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை எதுவெனத் தெரியவில்லை. கையிலோ உறுதி இருந்தது. ஆனால் பழைய உறுதிகள் எல்லையை எவ்வாறு கூறுகின்றன? கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் காணி என்றே கூறுகின்றன. அந்த இன்னார் இறந்திருக்கலாம், கடல் கடந்திருக்கலாம். காகிதத்தில் எழுதப்பட்ட எல்லையை நிலத்தில் காட்டிநின்ற கதியால் அழிந்தபோது, உறுதியின் சொற்கள் ஊன்ற இடமின்றி நின்றன. கிணற்றுக் கட்டையும், தப்பிய பனையையும், பழைய அத்திவாரத்தையும் வைத்தே பலர் தம் வளவை அடையாளங் காண முயன்றனர். ஓவியர் தா. சனாதனன் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று, இடம்பெயர்ந்தோர் தம் வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்களைத் தொகுத்தது. ஒல்லாந்தர் கால நிலப்பதிவேடாகிய தோம்பின் பெயரை அந்நூல் தாங்கியிருப்பது பொருத்தமே.

இந்நிலையில் சட்டமும் ஓரளவு இரங்கியது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் காணிக்கு உரிமை கோர இயலாது போனோருக்காக, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, அத்தகையோருக்கு எதிரான பத்தாண்டுக் கணக்கிற் சேர்த்தலாகாது என்பது அதன் சாரம்.

இனி நேயர்கள் கருத்திற் கொள்ளவேண்டியவை சில. நிலையான மதில் எழுப்ப எண்ணுவோர், கல் இறக்குவதற்கு முன் நில அளவையாளரைக் கொண்டு காணியை அளப்பித்தல் நன்று. அளக்கும் நாளில் அயலவரையும் அழைத்தல் வேண்டும். கதியால் பிழையான இடத்தில் நின்றால் பிடுங்கி நடலாம். மதிலோ பிழையையும் சேர்த்து நிலையாக்கிவிடும். பிணக்கு எழுமாயின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். அயலவர் அத்துமீறி வேலியை நகர்த்தி, அதனால் அமைதி குலையும் நிலை தோன்றினால் தாமதித்தலாகாது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டம், வழக்கு முன்வைக்கப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஆட்சியிழந்தவருக்கே காணியை மீட்டளிக்க இடந்தருகிறது. எல்லையே தெரியாது போயின், அதனை வரையறுத்துத் தருமாறு மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கவும் வழியுண்டு.

உள்ளூர்ச் சபைகளும் வேலி பற்றி விதி வகுக்குமிடத்து, அது ஓலையா கல்லா என்பதை முதற் கேள்வியாகக் கொள்ளத் தேவையில்லை. எல்லையை இருபுறத்தாரும் ஏற்றுள்ளனரா? வீதியின் அகலம் காக்கப்பட்டுள்ளதா? மழைநீர் செல்ல வழி விடப்பட்டுள்ளதா? இம்மூன்றுமே முதலில் கேட்கத்தக்கவை. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில், மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கிக் கிணறுகளை ஊட்டுவதால், மூன்றாவது கேள்வியும் சிறியதன்று. இவற்றிற்கு நிறைவான விடை கிடைக்குமாயின், பூவரசங் கதியாலும் நல்ல வேலியே. கல்மதிலும் நல்ல வேலியே. கதியால் நடுவோருக்குக் குழையும் நிழலும் மேலதிகமாகக் கிடைக்கும். மதில் கட்டுவோர், வேலி அடைக்கும் நாளில் இருவீட்டாரும் கூடி எல்லையைக் கண்ணாற் கண்ட அந்தப் பழைய வழக்கத்தை, அளவைப் படத்திலும் கையொப்பத்திலும் ஆயினும் காத்துக்கொள்ளல் வேண்டும்.