எஞ்சினீயர் தொழிலும் கையொப்பத்தின் கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சமூகத்துச் சிறுவர் சிறுமியர் பலர் எஞ்சினீயரிங் கல்லூரிகளிற் பயின்று பட்டம் பெற்று வருதல் நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதாகும். அவர்களைப் பாராட்டக் கூடுமிடத்து, உத்தியோகத்தையும் சம்பளத்தையும் பற்றிப் பேசுவார் பலர். அத்தொழிலுக்குரிய தருமத்தைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஆதலின் அதனைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற முன்வந்தேன். குறையிருப்பின் பொறுத்தருள்க.

வைத்தியர் தவறினால் அத்தவறு பெரும்பாலும் ஒரு நோயாளியைச் சாரும். வக்கீல் தவறினால் ஒரு கட்சிக்காரரைச் சாரும். எஞ்சினீயர் தவறினாலோ, அவரை முன்பின் கண்டறியாதாரும் உயிரிழப்பர். நோயாளி தனக்கு வேண்டிய வைத்தியரைத் தேர்ந்து கொள்ளலாம். பாலத்தைக் கடக்கும் வழிப்போக்கனோ, அதனைக் கட்டியவர் யார், எங்ஙனம் கணக்கிட்டார் என்று விசாரித்துவிட்டுக் கடப்பதில்லை. அவன் விசாரிக்க இயலாததனை அவன் சார்பில் விசாரித்து வைப்பதே சட்டத்தின் வேலை; அச்சட்டம் எட்டாத இடத்தையும் காப்பதே தருமத்தின் வேலை.

இதற்குக் கனடா தேசத்துக் கியூபெக் பாலத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. செயின்ட் லாரன்ஸ் நதியின்மேல் 1,800 அடி நடுவிடைவெளியுடன், அவ்வகையில் உலகத்திலேயே பெரிதாக அமையுமாறு அப்பாலம் தொடங்கப்பெற்றது. முதலில் 1,600 அடியாக எண்ணிய இடைவெளி பின்னர் 1,800 அடியாக நீட்டப்பட்டது. ஆனால் அந்நீட்சிக்கேற்பப் பாலத்தின் சொந்த எடை உரிய காலத்தில் திரும்பக் கணக்கிடப்படவில்லை. எடை மிகுந்துவிட்டதென்று பின்னர்த் தெரிந்தபோது, வேலை வெகுதூரம் முற்றியிருந்தது. ஆலோசனை எஞ்சினீயராகிய தியோடர் கூப்பர் என்பார், அம்மிகுதியைத் தாங்கிக்கொள்ளலாமென்று ஒப்புக்கொண்டார். அவர் கீர்த்தி மிக்கவர். ஆயினும் முதுமையாலும் உடல்நலக் குறைவாலும் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். தம் கணக்கை வேறொருவர் மேற்பார்த்தலையும் அவர் விரும்பவில்லை.

1907ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், கீழ்ப்புறத்து உருக்கு உறுப்புக்கள் சில வளைந்து வருவதனைப் பணியிடத்தார் கண்டனர். அங்கே மேற்பார்வை செய்துவந்த இளைஞர் மக்லூர் என்பார் அவ்வளைவை அளந்துகொண்டு நியூயார்க்குக்கு நேரிற் சென்று தெரிவித்தார். மேலும் பாரம் ஏற்றலாகாதென்று 29ஆம் தேதி கூப்பர் தந்தி கொடுத்தார். அத்தந்தி பாலத்திற்குப் போகாமல், உருக்குக் கம்பெனியார் இருந்த பீனிக்ஸ்வில் என்னும் ஊருக்குப் போயிற்று. பணியிடத்தில் வேலை நிற்கவில்லை. அன்று மாலையே, வேலை முடியும் தறுவாயில், பாலம் சில விநாடிகளில் சரிந்து நதியில் வீழ்ந்தது. மாண்டவர் 75 பேர். அவருள் 33 பேர் கானவாகே என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் குடியினர். பின்னர் 1916இலும் நடுப்பகுதியை மேலே தூக்குங்கால் அது நழுவி வீழ்ந்து 13 பேர் இறந்தனர். 1917இலேதான் பாலம் முற்றுப்பெற்றது.

அன்பர்களே! வளைவைக் கண்டவர் இருந்தனர், அளந்தவர் இருந்தார், ஆபத்தென்று உணர்ந்தவரும் இருந்தார். "நிறுத்து" என்று அவ்விடத்திலேயே சொல்லும் அதிகாரமுடைய ஒருவர்தாம் இல்லை. அறிவு ஓரிடத்தும் பொறுப்பு வேறோரிடத்தும் பிரிந்து நின்றமையே அத்தனை உயிர்களையும் வாங்கிற்று.

1920 முதற்கொண்டு கனடாவின் மாகாணங்கள் பல, எஞ்சினீயர்களைப் பதிவுசெய்யும் சட்டங்களை இயற்றின. 1925இல் மாண்ட்ரியல் நகரில், பயிற்சி முடித்த எஞ்சினீயர்கள் உறுதிமொழி கூறி இரும்பு மோதிரம் அணியும் சடங்கொன்று தொடங்கிற்று. அதன் வாசகத்தை எழுதியவர் ஆங்கில ஆசிரியர் ரட்யார்டு கிப்ளிங். வீழ்ந்த பாலத்தின் இரும்பினாலேயே முதன்மோதிரங்கள் செய்யப்பட்டன என்று வழங்கும் கதை உண்மையன்று. ஆயினும் தொழில் செய்யும் கையின் சுண்டுவிரலில் அணிவதால், வரையும்போதும் கையொப்பமிடும்போதும் அது காகிதத்திற் பட்டு ஒருவனுக்குக் கடமையை நினைவூட்டும்.

நம் நாட்டில் வக்கீல்களுக்கு 1961ஆம் வருஷத்துச் சட்டமும், கட்டடக்கலைஞர்களுக்கு 1972ஆம் வருஷத்துச் சட்டமும் ஏற்பட்டன. எஞ்சினீயர்களுக்கோ அத்தகைய தனிச்சட்டம் நாடு முழுமைக்கும் ஏற்படாமலே பல பதிற்றாண்டுகள் கழிந்தன. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014ஆம் வருஷம் ஜூன் 28ஆம் தேதி, கட்டப்பட்டு வந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. தமிழ்நாட்டில் 2019ஆம் வருஷத்துக் கட்டட விதிகள், பதிவு பெற்ற தொழிலறிஞரின் கையொப்பத்தை வேண்டுகின்றன. நல்லதே. ஆனால் விதி கையொப்பத்தைத்தான் கேட்கக்கூடும். கையொப்பமிடுபவர் இடத்தைப் போய்ப் பார்த்தாரா என்பதனை அவர் மனச்சாட்சியே அறியும்.

இங்கேதான் நம்மைப் போன்ற சங்கத்தார்க்கு ஒரு பொறுப்புண்டு. "நம்ம பிள்ளைதானே, ஒரு கையெழுத்துப் போட்டுக்கொடுக்கமாட்டானா?" என்று உறவின் முறையாற் கேட்கும் வழக்கம் நம்மிடை உண்டு. மண்ணைச் சோதியாமலும் அஸ்திவாரத்தைக் காணாமலும் கையொப்பம் கேட்பது, அப்பிள்ளையின் கல்வியை மதிப்பதாகாது. அவன் கையிலே பிறர் உயிரை அடகு வைப்பதாகும். அவன் மறுத்தால் "பெரிய மனுஷனாகிவிட்டான்" என்று பழிக்கிறோம். அங்ஙனம் பழித்தல் தகாது. மறுத்தவனையே மெச்சுதல் வேண்டும். கூலியைக் குறைத்துக் காலத்தையும் குறைத்து, "எப்படியாவது முடித்துக்கொடு" என்னும் வீட்டுக்காரரும் பிழையிற் பங்காளியே.

மாணவச் செல்வர்களே! நீங்கள் அறியாத வேலையை ஏற்காதீர்கள். காணாத வேலைக்குச் சான்று அளிக்காதீர்கள். உங்கள் கணக்கைப் பிறர் திருப்பிப் பார்ப்பதனை அவமானமென்று கொள்ளாதீர்கள். ஆபத்தைக் கண்டால் மேலிடத்துக்குத் தெரிவித்ததோடு அமையாது, வேலை நின்றதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெற்றோர்களே! உங்கள் மக்கள் இவ்வாறு நடக்குங்கால், அதனால் வரும் நஷ்டத்தைப் பொறுத்து அவர்களுக்குத் துணை நில்லுங்கள். நமது சமூகத்துக் கைகளாற் கட்டப்பெற்ற வீட்டில் எவரும் அஞ்சாது உறங்கலாம் என்னும் பெயரே நாம் ஈட்டத்தக்க பெருஞ்செல்வம்.