மூடிய கோப்பு



கோப்புக் கட்டிப் பிழைக்கும் இரயில்வே குமாஸ்தாக்கள் யாம். மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் இரகசியக் குறிப்பில்தான் எமது பதவி உயர்வு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் யாது எழுதப்பட்டதென்று யாம் அறியோம். 2008இல், தேவ் தத் வழக்கில், குறிப்பு ஒவ்வொன்றும் ஊழியருக்குத் தெரிவிக்கப்படல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் விதித்தது.

வெள்ளையர் 1923இல் இயற்றிய அரசு இரகசியச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆயினும் 2019இல், ரஃபேல் விமான வழக்கில், கசிந்து ‘இந்து’ நாளிதழில் வெளிவந்த ஆவணங்களை நீதிமன்றம் பார்க்கலாகாது என்ற சர்க்காரின் வாதம் தள்ளுண்டது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் பழைய சட்டத்திற்கு மேற்பட்டது என்பதும் அதற்கொரு காரணம்.

10 ரூபாயும் ஒரு விண்ணப்பமும் போதும். 30 நாளில் விடை தரல் வேண்டும். மத்திய அமைச்சகங்களுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதனை டில்லிப் பண்டிதர்கள் தாமாக ஈந்தாரல்லர்! இராஜஸ்தானத்துக் கூலியாட்கள் 1994 முதல் கூலிப் பட்டியல்களை ஊர் நடுவே உரக்கப் படித்தனர். செத்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தனர்.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிமனிதர் பற்றிய தகவல் எதனையும் மறுக்கலாம் என்று தகவல் சட்டத்தின் ஒரு பிரிவை மாற்றி எழுதிற்று. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் விதி இன்னும் உண்டு. ஆயின் முதலில் அதனை நிறுத்துப் பார்ப்பவர் அதிகாரியே. அன்பர்களே, அக்கூலிப் பட்டியலில் இருந்தவையும் தனிமனிதர் பெயர்கள்தாமே?