தோட்டமும் நம்முடையது, பட்டணமும் நம்முடையது



தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் வாழ்கிறவர்களைப் பார்த்தால் பலரும் கேட்பதுண்டு: "எந்த வாழ்க்கை நல்லது? தோட்டமா, பட்டணமா?" ஒன்றைப் பாராட்டினால் மற்றதைக் குறைத்துப் பேசியதாக ஆகிவிடுமோ என்று நம்மில் பலர் தயங்குகிறோம். சுங்காய் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து ஈப்போவில் குடியிருக்கும் நான், இரண்டையும் மனதார நேசிக்கிறேன். அதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் தோட்டம். நம் பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு 1877இல், கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளோடு தொடங்கியது. அடுத்த நூற்றாண்டு பிறந்ததும் ரப்பர் விலை ஏறியது. தஞ்சோங் மாலிம், சுங்காய், பீடோர், தாப்பா என்று காடு விலகி, ரப்பர் நிரைகள் எழுந்தன. அவற்றை எழுப்பியதில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த உழைப்பை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு மனமில்லை. அன்றெல்லாம் விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. கையில் உளியோடு நிரைக்கு நிரை நடை. மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளி சுமந்து, ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் மரம் சீவ முடியாது. அன்றைய கூலியும் இல்லை. தோட்டத் தொழிலாளர்க்கு மாதச் சம்பளம் என்ற ஒப்பந்தமே நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2001இல்தான் வந்தது. லயத்து வீடு நிர்வாகத்தின் வீடு. வேலை போனால் வீடும் போகும்.

அப்படியானால் தோட்டத்தில் நம்முடையதாக என்ன இருந்தது? நாமே உண்டாக்கியவை இருந்தன. கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய மாரியம்மன் கோயில் இருந்தது. திருவிழா இரவில் விடிய விடியக் கூத்து நடந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயமே அடுப்பைப் பற்றவைக்காமல் அந்த வாசலில் போய் நின்றது.

பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகைக்குப் போகிறவர்கள் அருகிலிருக்கும் மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். மாளிகை வேலையின்போது தொழிலாளர்களிடையே கொள்ளைக் காய்ச்சல் பரவியது. மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் துரையிடம் அவர்கள் கேட்டது ஒரு கோயில். துரையும் கட்டிக் கொடுத்தார். கோயிலில் மற்ற சிலைகளோடு அவருக்கும் ஒரு சிலை உண்டு. மாளிகை கடைசிவரை முற்றுப்பெறவில்லை. கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. நான் தோட்டத்து வேர் என்று சொல்வது இதைத்தான். மண் நிர்வாகத்தின் பெயரில் இருந்தது. அந்த மண்ணில் வளர்ந்த உறவும் வழிபாடும் நம் பெயரில் இருந்தன.

அந்த வாழ்க்கையை விட்டுப் பட்டணத்துக்கு வந்தது துரோகமா? வரலாற்றைப் பாருங்கள். 1950களில் பெரிய தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதைத் தடுக்கத்தான் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர்களின் சிறுசேமிப்பே தோட்டங்களை வாங்கியது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதால் பல்லாயிரம் பேர் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான்களாக, அதாவது குடியிருப்புப் பகுதிகளாக மாறின. நாம் தோட்டத்தைக் கைவிட்டோம் என்று சொல்வது சரியல்ல. பெரும்பாலோரைத் தோட்டம்தான் வெளியே அனுப்பியது.

வெளியே வந்தவர்களைப் பட்டணம் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் எனக்குப் பட்டணத்தின் மேல் இவ்வளவு பிரியம். தலைமுறை தலைமுறையாக நிர்வாகத்தின் வீட்டில் இருந்த ஒரு குடும்பம், முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு வீட்டுச் சாவியை வாங்கியது பட்டணத்தில். மரம் சீவிய தாயின் மகள் தாதியாக, ஆசிரியையாக, வழக்கறிஞராக ஆனதும் பட்டணம் திறந்துவிட்ட வழியில். இன்னார் மகன், இன்ன லயம் என்று யாரும் விசாரிக்காத ஒரு சுதந்திரம் அங்கே கிடைக்கிறது. அடுத்த வீட்டில் சீனர், எதிர்வீட்டில் மலாய்க்காரர் என்று உலகம் விரிகிறது.

1917இல் எழுந்த ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் பெருமிதம். 1988இல் மாநகராகிவிட்ட ஈப்போவில், லகாட் சாலையின் குட்டி இந்தியா, புந்தோங்கின் கச்சாங் பூத்தே கடைகள், தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலுக்குப் புறப்படும் காவடிகள் எல்லாமே நம் கைபட்டவை. பட்டணத்தையும் நாம்தான் கட்டியிருக்கிறோம். வந்தேறிகளைப் போல அதில் ஒதுங்கி நிற்க வேண்டாம்.

தூரமும் இப்போது குறைந்துவிட்டது. 2010 முதல் ஓடும் ஈடிஎஸ் மின்ரயில் சுங்காயிலும் நிற்கிறது. பட்டணத்துக்காரர்கள் வார இறுதியில் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றைத் தேடி நம் ஊருக்கு வருகிறார்கள். வெந்நீருக்காக அவர்கள் வரும்போது, வேருக்காக நாம் போகக் கூடாதா?

போக வேண்டிய காரணம் ஒன்று அவசரமாகவே இருக்கிறது. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாட்டிலேயே இங்குதான் அதிகம். அவற்றில் பல, தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. தோட்டம் காலியானதும் மாணவர் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. நாம் பழைய லயத்தை நினைத்துக் கண்ணீர் விட்டால் அந்தப் பள்ளிகள் நிலைத்துவிடா. பட்டணத்தில் நாம் கற்ற கணக்கும் கணினியும் ஆங்கிலமும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஆகவே நேயர்களே, திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். நீங்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்த்து, என்ன தேவை என்று கேளுங்கள். பெரட்டுக்குப் போன கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். திரும்பி வந்து, அதே பிள்ளைகளைப் பட்டணத்து நூலகத்துக்கும் நாடக அரங்குக்கும் அழைத்துப் போங்கள். இரண்டு இடத்திலும் உரிமையோடு நடமாடும் பிள்ளைகளாக அவர்களை வளர்ப்போம்.