எந்த லிங்கம் வரை வந்தது? – துவங்காத மடிக்கணினியும் நாமும்

(திருவண்ணாமலையில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, நம் மாநிலத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அப்போது வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கணினியைப் போட்டவுடன் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். பலருக்கு அதுவே புதுமை. சிலருக்கு அதுவே தலைவலி.

நான் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியைக் கொண்டு வந்தாள். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஒரே வரி. இடம் போதவில்லை என்று யாரோ லினக்ஸ் இருந்த பகுதியை அழித்திருக்கிறார்கள். எனக்கு அப்போது அது தெரியவில்லை. விண்டோஸ் குறுந்தகட்டைப் போட்டு, முழுவதையும் ஃபார்மேட் செய்து, அரை மணி நேரத்தில் 'சரியாகிவிட்டது' என்று பெருமையாகக் கொடுத்தேன். அவள் திறந்து பார்த்துவிட்டு, "சார், அப்பா போட்டோ எல்லாம் இதுலதான் இருந்துச்சு" என்றாள். அவள் அப்பா அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார்.

அந்தப் படங்கள் அதுவரை பத்திரமாகத்தான் இருந்தன. கெட்டுப்போனது வழிகாட்டிப் பலகை மட்டும். வீட்டை இடித்தது நான்.

கிரிவலத்தில் நம்மோடு வந்தவர் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கைப்பேசியில் என்ன கேட்போம்? "எந்த லிங்கம் தாண்டியிருக்கீங்க?" என்றுதானே? 14 கிலோமீட்டர் பாதையையும் யாரும் தேடுவதில்லை. கணினியிடமும் அதையே கேளுங்கள். அது துவங்குவதற்கும் படிகள் உண்டு.

முதல் படி, மின்சாரம். விளக்கும் இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை என்றால் இயங்குதளத்துக்கு இதில் வேலையே இல்லை. சார்ஜரை மாற்றிப் பாருங்கள். சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்தி, மீண்டும் இணைத்துப் போடுங்கள்.

இரண்டாம் படி, பயாஸ். நிறுவனச் சின்னம் வருகிறது. பிறகு 'துவக்கும் சாதனம் இல்லை' என்கிறது. முதலில் பென் டிரைவ் ஏதும் செருகியிருக்கிறதா பாருங்கள். பிறகு பயாஸுக்குள் போய் ஹார்டு டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் துவக்க வரிசையைச் சரிசெய்து பாருங்கள். தெரியாவிட்டால் டிஸ்கோ அதன் இணைப்போ பழுது. பழுது பார்ப்பவரிடம் போகலாம். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். அமைப்புகள் மாறிப்போக அதுவும் காரணம்.

மூன்றாம் படி, கிரப். இரண்டு இயங்குதளங்களில் எது என்று கேட்கும் பட்டியல் இதனுடையதுதான். லினக்ஸ் பகுதியை அழித்தால் கிரப்பின் கோப்புகளும் போய்விடும். அந்த மாணவியின் கணினியில் நடந்தது இதுதான். பழைய வகைக் கணினி என்றால் விண்டோஸ் குறுந்தகட்டின் பழுதுநீக்கும் பகுதியில் 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்' என்ற ஒரு கட்டளை போதும். புதிய யுஇஎஃப்ஐ கணினியில் துவக்கப் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மாறாக, விண்டோஸை மறுபடி நிறுவியதால் லினக்ஸ் காணாமல் போனதா? அது அழிந்திருக்க வேண்டும் என்பதில்லை. லைவ் பென் டிரைவில் துவங்கி 'பூட் ரிப்பேர்' என்ற கருவியால் கிரப்பை மீட்கலாம்.

நான்காம் படி, இயங்குதளம். ஒன்று பாதியில் நின்றால் மற்றொன்றில் நுழைந்து பாருங்கள். இரண்டு இருப்பதன் பயனே அதுதான். ஒன்றில் விழுந்ததை மற்றொன்றிலிருந்து தூக்கலாம். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி உண்டு. அதனால் நிறுத்திய பிறகும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அதன் டிரைவை லினக்ஸ் திறக்க மறுக்கலாம். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி நிறுத்தினால் முழுமையாக நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. புதிய கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். பயாஸ் அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு கை வையுங்கள்.

எந்தப் படியில் நின்றாலும் விதி ஒன்றுதான். முதலில் கோப்புகள், பிறகு பழுது. லினக்ஸ் உள்ள லைவ் பென் டிரைவ் ஒன்றைப் பள்ளியில் வைத்திருங்கள். அதிலிருந்து கணினியைத் துவக்கி, தேவையானவற்றை வேறு டிரைவில் நகலெடுங்கள். ஃபார்மேட் என்பது கடைசி மருந்து. அதையும் உரியவரிடம் "இதில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

வகுத்தலில் தடுமாறும் பிள்ளையை நாம் மீண்டும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதில்லை. எந்தப் படியில் நின்றது என்றுதான் பார்க்கிறோம். அன்று அந்த மாணவியிடம் நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.